மூன்றாவது வரியில் ஒரு சுரம்

செங்கல்பட்டு
12-1-1997

அன்புத் தம்பி தாவீதுக்கு,

கர்த்தர் கிருபையால் நடமாட்டத்தோடு இருக்கிறேன். நீயும் உன் மனைவி சுகிர்தமும் எப்படியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் கையெழுத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

நேற்று பக்கத்து வீட்டு வரலட்சுமி மாமல்லபுரம் போய் வந்தாள். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "டீச்சரம்மா, உங்க தம்பிய பாத்தேன். பீச்சாண்ட பெரிய ஓட்டலு கீதுல்ல, அங்க. பலகையாட்டம் ஒன்னு வெச்சிகினு ரெண்டு கையாலயும் அமுக்கிகினு கீறாரு. வெள்ளைக்காரங்கோ ஆடறாங்கோ. பூப்போட்ட சட்ட வேற!"

பூப்போட்ட சட்டையைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. பலகையைப் பற்றித்தான் கேட்கிறேன். அது என்ன? வயலின் எங்கே? போன வருஷம் சென்னையை விட்டு அங்கே குடிபோனபோது, கடல் காற்று சுகிர்தத்தின் மூச்சிழுப்புக்கு நல்லது, ரெக்கார்டிங்குக்கு அங்கிருந்தே பஸ்ஸில் போய்வருவேன் என்றாய். நானும் நம்பினேன்.

செங்கல்பட்டுக்கும் உன் ஊருக்கும் ஒன்றரை மணி நேரப் பயணம்தான். வந்து சொல்லியிருக்கலாம். எஸ்.டி.டி. பூத்தில் நின்று கத்த எனக்குப் பிடிக்காது என்பது உனக்குத் தெரியும். பதில் எழுது.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா ரெஜினா

*

மாமல்லபுரம்
20-1-1997

அன்பு அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே இருவரும் சுகம். சுகிர்தத்துக்கு மூச்சிழுப்பு குறைந்திருக்கிறது. உங்கள் முழங்கால் வலி எப்படியிருக்கிறது என்று கேட்கச் சொன்னாள்.

வரலட்சுமி அம்மா பார்த்தது என்னைத்தான். சட்டை ஓட்டல்காரர்கள் கொடுத்தது. பலகை என்பது சிந்தசைசர், எல்லா வாத்திய ஓசையும் எழுப்பும் மின்சாரக் கீபோர்டு. எட்டு மாதமாகச் சென்னையிலிருந்து எனக்குக் கால்ஷீட் வரவில்லை. முன்பெல்லாம் ஒரு பாட்டுக்குப் பதினாறு வயலின் உட்காருவோம். இப்போது ஒருவன் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் பதினாறு வயலினும் கேட்கிறது. அந்த ஒருவன் நானாக இருக்கலாமே என்று தோன்றியது.

வருத்தப்பட்டுக்கொண்டு செய்கிறேன் என்று நினைக்காதீர்கள், அக்கா. எனக்குப் பிடித்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷம் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். தும்மல் வந்து நான் வில்லை எடுத்துவிட்டாலும் பாட்டுக்கு ஒன்றும் ஆகாது. இப்போது நான் கையை எடுத்தால் பாட்டு நின்றுவிடும். விரலுக்கும் பளக்கம் ஆகிவிட்டது. வயலின் கட்டிலுக்கு அடியில், பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம். கல்பாக்கத்தில் ஆல்வின் என்று ஒருவன். வீட்டு மாடியில், எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி ஸ்டுடியோ வைத்திருக்கிறான். நாங்கள் இருவரும் சேர்ந்து ஒரு பாப் கேசட் போடுகிறோம். பெயர் 'சும்மா ஒரு சம்மர்'. ஆறு பாட்டு. ஐந்துக்கு அவனே மெட்டுப் போட்டுவிட்டான். ஒருநாள் விரலைத் தளர்த்திக்கொள்ள, உங்கள் கல்யாணத்துக்கு முன்னால் நீங்கள் எனக்கு எழுதிக் கொடுத்த சிஸ்டர் கிளேர் மெட்டை வாசித்தேன். "அண்ணாத்த, இது யாரு போட்டது? சூப்பரா கீதே! இதத்தான் ஆறாவதா போடறோம்" என்று குதிக்கிறான்.

அது உங்கள் மெட்டு. நீங்கள் சொன்னால்தான் போடுவேன். சொல்லுங்கள்.

அன்புடன்,
தாவீது

*

செங்கல்பட்டு
27-1-1997

அன்புத் தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. சுகிர்தத்தின் விசாரிப்புக்கு என் அன்பு.

'பழக்கம்' என்பதற்குச் சிறப்பு 'ழ'. ஐம்பத்தைந்து வயதுக்காரனுக்கு இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எட்டு மாதம் வேலை இல்லாமல் இருந்ததை அக்காவிடம் சொல்லாத தம்பியை இப்போதுதான் பார்க்கிறேன். மற்றப் பதினைந்து பேர் எந்தப் பலகையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் எழுதியிருக்கலாம். பிடித்திருக்கிறது என்கிறாய். பிடித்ததைச் செய்யும் வாய்ப்பு எல்லாருக்கும் வருவதில்லை. அதனால் அதற்கு மேல் நான் எழுதவில்லை.

அந்த மெட்டு என்னுடையது அல்ல. பள்ளியில் எனக்கு வயலின் கற்றுத் தந்த சிஸ்டர் கிளேர் எங்கள் ஆண்டு விழாவுக்காகப் போட்டது. அவர்களிடம் கேட்க முடியாத இடத்துக்கு அவர்கள் போய்விட்டார்கள். போடுவதானால் போடு. ஆனால் ஒரு சுரமும் மாறக்கூடாது. நான் எழுதிக் கொடுத்தபடியே இருக்க வேண்டும். இதை ஆல்வினிடமும் சொல்.

பாட்டின் வார்த்தைகள் என்ன?

வயலின் பெட்டியை நேராகத் தரையில் வைக்காதே. கடலோர வீட்டுத் தரை ஈரம் விடும். அடியில் ஒரு பலகை போடு. உண்மையான பலகையைச் சொல்கிறேன்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா

*

மாமல்லபுரம்
10-2-1997

அன்பு அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே சுகம். அங்கே பனி இன்னும் விடவில்லை என்று கேள்விப்பட்டேன். காலையில் கோவிலுக்குப் போகும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

பழக்கம், பழக்கம், பழக்கம். மூன்று முறை எழுதிவிட்டேன். பெட்டிக்கு அடியில் பலகையும் போட்டுவிட்டேன்.

பாட்டு 'பீச்சுல பாத்தேன்' என்று ஆரம்பிக்கிறது. மீதியை எழுதமாட்டேன். பாடுவது ஜெனிட்டா என்ற பெண், ஆல்வினின் மாமா மகள். குரல் நன்றாக இருக்கிறது.

நீங்கள் சொன்னதை ஆல்வினிடம் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு சிக்கல். முதல் வரியும் மூன்றாவது வரியும் ஒரே மெட்டுதானே? முதல் வரியின் முடிவில், கடைசிக்கு முந்தைய சுரத்தில் ஃப்ளாட் குறி போட்டிருக்கிறீர்கள். அது அரை சுரம் இறங்கி வருகிறது. மூன்றாவது வரியில் அதே இடத்தில் அந்தக் குறி இல்லை. அங்கே இறங்காமல் நிற்கிறது. நாற்பத்தைந்து வருஷமாக நான் அப்படியே வாசித்துவருகிறேன். ஒருநாளும் சந்தேகம் வரவில்லை.

ஆல்வின் பாதி டிராக்கில் நிறுத்திவிட்டான். "அண்ணாத்த, இங்க ஒதைக்குது. எயுதும்போது குறிய வுட்டுட்டாங்கோ. ரெண்டும் ஒரே மாதிரி போட்டா கும்முனு உக்காரும்" என்கிறான். "எங்க அக்கா குறி வுடற ஆளு இல்லடா" என்றேன். "அப்பொ கேட்டு எயுது" என்றான்.

அதனால் கேட்கிறேன். விட்டுப்போனதா, அப்படித்தானா? மார்ச் இருபதாம் தேதி டேப் சென்னைக்குப் போகிறது. அதற்குள் தெரிந்தால் போதும்.

அன்புடன்,
தாவீது

*

(தபால் அட்டை)
மாமல்லபுரம்
3-3-1997

அன்பு அக்கா,

சுகம். உங்கள் சுகம் தெரியவில்லை. மூன்று வாரமாகப் பதில் இல்லையே? எப்போதும் மறுதபாலில் எழுதுகிறவர்கள் நீங்கள். உடம்புக்கு ஏதாவதா? வரட்டுமா? அந்தச் சுரத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழுதினால் போதும். ஆல்வின் நச்சரிக்கிறான்.

தாவீது

*

செங்கல்பட்டு
15-3-1997

அன்புத் தம்பிக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. வரவேண்டாம்.

அது எழுத்துப் பிழை. கல்யாண வேலைகளுக்கு நடுவே அவசரத்தில் எழுதியது. இரண்டு வரியும் ஒன்றுபோல இருப்பதுதான் சரி. திருத்திவிடு.

அக்கா

*

மாமல்லபுரம்
2-6-1997

அன்பு அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இங்கே நல்ல சுகம். வெயில் அங்கே எப்படி? மோர் நிறையக் குடியுங்கள் என்கிறாள் சுகிர்தம்.

கேசட் வந்துவிட்டது. ஒன்று இத்துடன் அனுப்பியிருக்கிறேன். அட்டையில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நிற்பது நான்தான். சிரிக்காதீர்கள்.

அக்கா, நான் எதிர்பார்க்கவே இல்லை. ஆறாவது பாட்டுதான் எல்லா இடத்திலும் ஓடுகிறது. சிற்பக் கடைகளில், இளநீர் வண்டியில், கல்பாக்கம் ஊழியர் பஸ்ஸில். போன வாரம் ஒரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். பாட்டு வந்தது. முடி வெட்டுகிறவர் கத்திரியை நிறுத்திவிட்டு, "இது யாரு மியூசிக்னு தெர்லபா, ஆனா மனச இன்னாமோ பண்ணுது" என்றார். பாதி முடியோடு உட்கார்ந்து கேட்டேன்.

நீங்கள் சொன்னபடி திருத்திவிட்டேன். ஆல்வினுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கேட்டுவிட்டு எழுதுங்கள். மார்க்கும் போடுங்கள்.

அன்புடன்,
தாவீது

*

செங்கல்பட்டு
16-6-1997

அன்புத் தம்பிக்கு,

மோர் குடிக்கிறேன். சுகமாயிருக்கிறேன்.

கேசட்டை வரலட்சுமி மகன் ராஜேந்திரனின் டேப் ரெக்கார்டரில் கேட்டேன். முதல் ஐந்து பாட்டுகளை ஒருமுறை கேட்டதே அதிகம். ஜெனிட்டாவுக்கு நல்ல குரல். 'மழை' என்ற வார்த்தையை மட்டும் 'மயை' என்று பாடாதே என்று சொல். உன் கறுப்புக் கண்ணாடி உன் முகத்துக்குப் பெரிது.

ஆறாவது பாட்டில் அந்தப் பலகை எழுப்பும் வயலின் ஓசை, நான் பயந்த அளவுக்கு மோசமில்லை. வில் திரும்பும் இடத்தில் வரும் மூச்சு மட்டும் இல்லை. தாளம் தேவைக்கு அதிகம். வார்த்தைகளைப் பற்றி எழுத விரும்பவில்லை. ஆனால் மெட்டை நீ அவசரப்படுத்தவில்லை. நின்று வாசித்திருக்கிறாய். நூற்றுக்கு அறுபத்தெட்டு.

மூன்றாவது வரியைப் பலமுறை கேட்டேன். முதல் வரியும் அதுவும் இப்போது ஒன்றுபோல இருக்கின்றன. சரியாகத் திருத்தியிருக்கிறாய். நான்தான் திருத்தச் சொன்னேன். வாசிக்கும்போது உன் கை அங்கே தடுமாறவில்லையா? நாற்பத்தைந்து வருஷம் வேறு மாதிரி வாசித்த கை, ஒரே நாளில் எப்படிச் சொன்னபடி கேட்டது?

டேப்பைத் திருப்பித் திருப்பிப் போட்டதைப் பார்த்து ராஜேந்திரன், "இன்னா டீச்சர், இந்தப் பாட்டு அவ்ளோ புட்ச்சிருச்சா?" என்றான். பிழை தேடுகிறேன் என்றேன்.

பதில் அவசரமில்லை.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா

*

மாமல்லபுரம்
20-8-1997

அன்பு அக்காவுக்கு ஸ்தோத்திரம்.

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னியுங்கள். செய்யூர், மதுராந்தகம் என்று கச்சேரிக்கு மேல் கச்சேரி. சுகிர்தம் சுகம். முழங்காலுக்குத் தைலம் அனுப்பியிருக்கிறாள்.

அறுபத்தெட்டு மார்க்கை ஆல்வினிடம் காட்டினேன். "பெயில் பண்ணலியே, வுடு" என்றான்.

நீங்கள் கேட்ட கேள்வியை இரண்டு மாதமாகச் சுமந்துகொண்டிருக்கிறேன். ஸ்டுடியோவில் என் கை தடுமாறவில்லை, அக்கா. முதல் வரியை மட்டும் வாசித்தேன். மூன்றாவது வரி வரவேண்டிய இடத்தில் மிஷின் அதையே எடுத்துப் போட்டுக்கொண்டது. நான் வாசிக்கவே இல்லை.

ஆனால் ஓட்டலில் தினமும் சாயங்காலம் ஆறரைக்கு நேரடியாக வாசிக்கிறேன். அங்கே என் விரல் பழைய இடத்துக்குத்தான் போகிறது. எவ்வளவு கவனமாக இருந்தாலும் போகிறது. நேற்று ஆல்வின் எதிரிலேயே நின்று கத்தினான்: "அண்ணாத்த, கேசட்ல ஒன்னு, இங்க ஒன்னு! ஜனங்கோ நம்மளத்தான் தப்புன்றாங்கோ." எனக்குத் தப்பாகக் கேட்டது கேசட்தான்.

'ழ'வுக்குக் கடிதம் எழுதுகிறவர்கள் நீங்கள். என் நோட்டில் ஒரு புள்ளி விட்டால் அரை மார்க் குறைத்தவர்கள். நீங்கள் ஒரு குறியை மறந்தீர்கள் என்று நான் எப்படி நம்பினேன்? டேப் அனுப்பும் அவசரம். இல்லையென்றால் உங்கள் பதில் வர ஐந்து வாரம் ஆனபோதே யோசித்திருப்பேன்.

அது பிழைதானா, அக்கா?

அன்புடன்,
தாவீது

*

செங்கல்பட்டு
6-10-1997

அன்புத் தம்பி தாவீதுக்கு,

சுகமாயிருக்கிறேன். தைலம் உபயோகமாக இருக்கிறது என்று சுகிர்தத்திடம் சொல்.

உன் கடிதம் வந்து ஆறு வாரத்துக்கு மேல் ஆகிறது. ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி அது என் கைப்பையில்தான் இருந்தது. அன்று, முன்பு என்னோடு வேலை பார்த்த சாவித்ரி டீச்சரைத் திருக்கழுக்குன்றத்தில் போய்ப் பார்க்க, அந்த வழியாகப் போகும் மாமல்லபுரம் பஸ்ஸில் ஏறினேன். பொன்விளைந்தகளத்தூர் தாண்டியதும் உன் பாட்டைப் போட்டார்கள். முன் சீட்டில் ஒரு பெண் தலையாட்டிக்கொண்டே முணுமுணுத்தாள். மூன்றாவது வரி வந்தது. எல்லாம் சரியாக இருந்தது. அந்தப் பெண்ணும் சரியாகவே பாடினாள். இனி யார் பாடினாலும் அப்படித்தான் பாடுவார்கள் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, கழுக்குன்றம் டிக்கெட்தான நீ? எறங்கலியா? தூங்கிகினு வந்தியா?" என்றார். மாமல்லபுரத்துக்கு மீதிக்கும் டிக்கெட் கொடுங்கள் என்றேன்.

உன் ஊர் பஸ் நிலையத்தில் இறங்கினேன், தாவீது. உன் தெரு எந்தப் பக்கம் என்று ஒருவரிடம் கேட்கவும் கேட்டேன். கையை நீட்டிக் காட்டினார். அவர் போகும்வரை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதே பஸ்ஸில் ஏறித் திரும்பிவிட்டேன். சாவித்ரியிடம் தலைவலி என்று எழுதினேன்.

அது பிழையல்ல.

சிஸ்டர் கிளேர் இரண்டு வரியையும் ஒன்றாகவே போட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் நானும் அவர்களிடம் அப்படியே வாசித்தேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது, உனக்குக் கொடுத்துவிட்டுப் போவதற்காக அரிசி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து எழுதினேன். வாசலில் பந்தல்காரர்கள் மூங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது வரியில் அந்த இடம் வந்ததும், ஃப்ளாட் குறி போடாமல் பேனாவை எடுத்தேன். மறக்கவில்லை. மெதுவாகப் பாடிப் பார்த்தேன். எல்லாரும் உட்காரச் சொன்ன பிறகும் ஒருத்தி மட்டும் உட்காராமல் நிற்பது போல இருந்தது. எனக்கு அது பிடித்திருந்தது. மை காய்ந்துவிட்டது.

அப்புறம் நான் வயலினைத் தொடவில்லை. உன் அத்தான் நல்ல மனிதர். அந்த வீட்டில் என்னை வாசிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வாசி என்று யாரும் கேட்கவுமில்லை. ஆறு மாதம் கழித்து நான் அப்பா வீட்டுக்கு வந்தபோது, நீ வராந்தாவில் நின்று அதை வாசித்துக்கொண்டிருந்தாய். உனக்குப் பத்து வயது. வில் கோணலாகப் போனது. மூன்றாவது வரியில் அந்தச் சுரத்தில் சரியாக நின்றாய். நான் கொண்டுவந்த பையைக் கீழே வைக்காமல் கேட்டேன். அதற்குப் பிறகு நீ எங்கே எதை வாசித்தாலும், சென்னையில் யாருடைய பாட்டுக்கு வாசித்தாலும், அந்த ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஏன் வயலினை விட்டாய் என்று ஜனவரியில் உன்னைக் கோபித்துக்கொண்டதும் அதனால்தான். உனக்கு எது பிடிக்கும் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

பிழை என்று ஏன் எழுதினேன் என்று கேட்பாய். அந்த ஐந்து வாரமும் அதைத்தான் யோசித்தேன். நான்தான் மாற்றினேன் என்று சொன்னால், அது நன்றாக இருக்கிறதா இல்லையா என்று யாராவது சொல்லிவிடுவார்கள். ஆல்வின் சொல்லியே விட்டான். பிழை என்றால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள், திருத்துவார்கள். நாற்பது வருஷம் பிறர் நோட்டுகளைத் திருத்தினவளுக்கு அதுதான் சுலபமாக வந்தது. இந்த வாழ்க்கையில் நானாகப் போட்ட சுரம் அது ஒன்றுதான். அதை நானே அடித்துவிட்டேன்.

கேசட்டை இனி மாற்ற முடியாது என்று தெரியும். மாற்றும்படி கேட்கவில்லை.

வரும் சனிக்கிழமை, பதினோராம் தேதி, மூன்று மணி பஸ்ஸில் வருகிறேன். பஸ் நிலையத்தில் நில். பூப்போட்ட சட்டையோடு வந்தாலும் பரவாயில்லை. ஓட்டலில் எனக்கு ஒரு நாற்காலி போடச் சொல். ஆடுகிறவர்கள் பக்கம் வேண்டாம், உன் பக்கத்தில். என் இடது கை விரல்கள் இப்போது தந்தியில் மடங்காது. ஆனால் அந்தப் பலகையில் கட்டையை அமுக்க ஒரு விரல் போதும் என்று வரலட்சுமி சொல்கிறாள். எந்தக் கட்டை என்று எனக்கு முன்னாலேயே காட்டிவிடு. மூன்றாவது வரியில் அந்த இடம் வரும்போது நீ கையை எடுத்துக்கொள். நான் அமுக்குகிறேன்.

ஆல்வினும் இருக்கட்டும்.

உன் அக்கா,
ரெஜினா